திர்ஹம் ஏறுனா நமக்கு லாபமா? டாலர், ரூபா, இலங்கை ரூபா பத்தி ஒரு நீளமான பதில்

கீழக்கரைலேர்ந்து ஒரு தம்பி மூணு கேள்வி கேட்டிருக்காரு. அவரோட காக்கா (அண்ணன்) துபாய்ல வேலை பாக்குறாராம், திர்ஹம் 24 ரூபாய தாண்டுனதும் வீட்ல எல்லாருக்கும் சந்தோஷமாம், "ரூபா விழ விழ நம்ம மாதிரி குடும்பத்துக்கு லாபம்தானே, அப்புறம் ஏன் இத பெரிய ஆபத்து மாதிரி பேசுறாங்க" அப்டிங்கறது முதல் கேள்வி. திர்ஹமும் ரியாலும் டாலருக்கு எதிரா அசையாம நிக்குதே, நம்ம ரிசர்வ் பேங்க்கும் ஒரு ரேட்ட கட்டி வெச்சுட்டா என்ன அப்டிங்கறது ரெண்டாவது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைல 200 ரூபாயா இருந்த டாலர் ரெண்டே மாசத்துல 360 ஆனது எப்படி, இங்கயும் அப்படி நடக்குமா, இது மூணாவது.

நான் பேங்க்ல வெளிநாட்டுப் பணம் பாக்குற சீட்ல ரொம்ப நாள் இருந்தவன், இந்தக் கேள்விய ராமநாதபுரம் ஜில்லா கடற்கரைல தொண்டிலேர்ந்து ஏர்வாடி வரைக்கும் எத்தனையோ பேரு கேட்டு பதில் சொல்லியிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க தம்பி.

ஒரு நாட்டுப் பணத்தோட விலை எதுல நிக்குதுன்னா, அந்தப் பணத்த கைல வெச்சுக்க ஜனங்க எவ்வளவு ஆசப்படுறாங்க, அரசாங்கமும் சென்ட்ரல் பேங்க்கும் (நம்ம நாட்ல ரிசர்வ் பேங்க்) எவ்வளவு வெளிய விடுறாங்க, இந்த ரெண்டுலதான். நாம எல்லாரும் ரெண்டாவத பத்தி மட்டும்தான் பேசுவோம், "நோட்ட அடிச்சுத் தள்ளுறான்"ன்னு. முதல் பாதிய விட்டுடுறோம். பணத்துக்கு ஒரு தேவை இருக்கு, மீனுக்கு தேவை இருக்குற மாதிரியே. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936லயே இத மூணா பிரிச்சு சொன்னாரு. அன்னாடச் செலவுக்கு வெச்சுக்கறது, ஆபத்து அவசரத்துக்கு வெச்சுக்கறது, வேற எதுலயாவது போட்டா லாபம் வருமான்னு பாத்துக்கிட்டு சும்மா வெச்சுக்கறது. நம்ம ஊர்ல ஒரு விசைப்படகு தொழிலுக்கு போகணும்னா டீசல், ஐஸ், பேட்டா எல்லாத்துக்கும் கைல காசு வேணும், இது முதல் வகை. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல அடுப்பு எரியணுமேன்னு வீட்ல பொம்பளைங்க சேத்து வெக்கிறது ரெண்டாவது. இந்த ஆசை ஸ்திரமா இருக்குற வரைக்கும் சென்ட்ரல் பேங்க் கொஞ்சம் அதிகமா நோட்டு விட்டாலும் விலைவாசி உடனே எகிறாது, ஏன்னா ஜனங்க அத வாங்கி வெச்சுக்குவாங்க. அந்த ஆசை செத்துப்போச்சுன்னா நோட்டே அடிக்காட்டியும் விலை ஏறும், ஏன்னா கைக்கு வந்த காச அன்னிக்கே எதாவது சாமானா மாத்திடணும்னு எல்லாரும் ஓடுவாங்க.

நம்ம நாட்லயே இதுக்கு நல்ல சாட்சி இருக்கு. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னப்போ புழக்கத்துல இருந்த பணத்தோட மதிப்புல 86 பர்சன்ட் ஒரே அடில போச்சு. நோட்டுதான் போச்சே தவிர நோட்டோட தேவை அப்படியே இருந்துச்சு, மீன் ஏலம் நின்னுடுமா, கூலி குடுக்காம இருக்க முடியுமா. அதனால அந்த வாரங்கள்ல யாவாரமே சுருங்குச்சு, கடன்ல கைமாறுனதுதான் ஜாஸ்தி. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க, அப்ப புழக்கத்துல இருந்தது கிட்டத்தட்ட 18 லட்சம் கோடி, 2024 மார்ச்ல அது சுமார் 35 லட்சம் கோடி. டீக்கடைலேர்ந்து கருவாட்டுக்கடை வரைக்கும் ஜிபே வந்த பிறகும் நோட்டு கூடிக்கிட்டேதான் இருக்கு. செலவு பண்ற நோட்டு வேற, பெட்டிக்குள்ள வெக்கிற நோட்டு வேற. முதல் வகைய போன் எடுத்துக்கிச்சு, ரெண்டாவது வகை குறையல, கொரோனா வந்தப்போ இன்னும் கூடுச்சு. ரூபாயத் தூக்கிப் போடாம பெட்டில வெக்கிறாங்கன்னா அது மேல இன்னும் நம்பிக்கை இருக்குன்னுதான் நான் அத எடுத்துக்கறேன், இது நல்ல சேதிதான்.

இப்ப காக்காவோட திர்ஹமுக்கு வர்றேன். 2008 ஜனவரில டாலர் ஏறக்குறைய 39 ரூபா 30 காசு, அப்ப திர்ஹம் 10 ரூபா 70 காசு. அந்த நேரத்துல துபாய்ல இருந்தவங்களக் கேட்டுப் பாருங்க, இன்னிக்கும் மறக்க மாட்டாங்க. 2025 டிசம்பர்ல டாலர் 90 தாண்டுச்சு, திர்ஹம் 24 ரூபா 50 காசு. ஆக 18 வருஷத்துல 2.3 மடங்கு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதே 18 வருஷத்துல இந்தியாவுல விலைவாசி ஏறக்குறைய மூணு மடங்கு ஆயிருக்கு. அப்ப காக்கா அனுப்புற ஒரு திர்ஹம் ரூபாக் கணக்குல பெருசா தெரியுதே தவிர, கீழக்கரை கடைத்தெருவுல அது வாங்குற சாமான் 2008ல வாங்குனத விட குறைச்சல்தான். இந்தக் கணக்க யாரும் வீட்ல போடறதில்ல. பேங்க்ல மெசேஜ் வரும்போது தெரியிற நம்பர் ஏறிக்கிட்டே போகுது, மளிகைச் சீட்டு அதவிட வேகமா ஏறுது, ரெண்டையும் சேத்துப் பாக்கறதில்ல.

இது இப்படித்தான் நடக்கும். ஒரு நாட்ல விலைவாசி வருஷத்துக்கு அஞ்சு பர்சன்ட் ஏறி இன்னொரு நாட்ல ரெண்டு பர்சன்ட் ஏறுதுன்னா, ரொம்ப நாள் கணக்குல முதல் நாட்டுப் பணம் வருஷத்துக்கு மூணு பர்சன்ட் மாதிரி விழுந்துக்கிட்டே இருக்கும், நடுவுல சில வருஷம் நிக்கும், சில வருஷம் சேத்து விழும். ரூபா விழுறது பாதி உள்ளூர் விலைவாசியோட நிழல்தான். அதனால ரூபா மெதுவா விழுறதுல உங்க குடும்பத்துக்கு பெரிய லாபமும் இல்ல, பெரிய நட்டமும் இல்ல. திடீர்னு விழும்போது மட்டும் விலைவாசி பின்னாடி வந்து எட்டிப் பிடிக்கிற வரைக்கும் கொஞ்ச மாசம் லாபம் இருக்கும். அதே நேரம் டீசல் போடுறவருக்கு அது நட்டம், ஏன்னா நாம எரிக்கிற கச்சா எண்ணெய்ல நூத்துக்கு 85க்கு மேல வெளியிலேர்ந்து டாலர் குடுத்து வாங்குறது. பாம்பன், மண்டபம் பக்கம் நண்டு, கணவாய், இறால்னு ஏத்துமதிக்குப் போறதுக்கு டாலர் ஏறுனா நல்ல விலை கிடைக்கணும், நியாயமா. ஆனா அந்த லாபம் முதல்ல கம்பெனிக்கு போயி, அப்புறம் ஏஜென்ட்டுக்கு போயி, படகுக்காரன் கைக்கு வரும்போது தேஞ்சு போயிடுது, டீசல் ஏத்தம் மட்டும் தேயாம முழுசா வந்து சேருது. ரூபா விழுந்தா ஏத்துமதி கூடும்னு பேசுறவங்க இந்தக் கடற்கரைல நின்னு இதப் பாக்கணும்னு எனக்கு எப்பவும் தோணும்.

ரெண்டாவது கேள்வி, ஏன் கட்டி வெக்கக் கூடாது. இதுல ஒரு பழைய கதை இருக்கு, வளைகுடாவுக்கு ஆள் அனுப்புற ஒவ்வொரு ஊரும் தெரிஞ்சுக்க வேண்டியது. துபாய், குவைத், கத்தார், பஹ்ரைன்ல எல்லாம் ஒரு காலத்துல ஓடுனது நம்ம இந்திய ரூபாதான். அங்க ரூபாயக் குடுத்து தங்கம் வாங்கி இங்க கடத்துனாங்க, அந்த ரூபா திரும்பி வந்து ரிசர்வ் பேங்க் வாசல்ல அன்னியச் செலாவணி கேட்டு நின்னுச்சு. அதத் தடுக்கத்தான் 1959ல ரிசர்வ் பேங்க் வளைகுடாவுக்குன்னே தனியா ரூபா நோட்டு அடிச்சு விட்டுச்சு. குவைத் 1961ல சொந்த தினார் போட்டுக்கிச்சு, பஹ்ரைன் 1965ல. 1966 ஜூன் 6 அன்னிக்கு இந்தியா டாலருக்கு 4 ரூபா 76 காசா இருந்தத ஒரே அடியா 7 ரூபா 50 காசு ஆக்குனப்போ மிச்சம் இருந்தவங்களும் ரூபாய விட்டு ஓடுனாங்க, ஓமன்ல மட்டும் 1970 வரைக்கும் ஓடுச்சு. வெளிநாட்டுக்காரன் நம்ம பணத்த கைல வெச்சிருந்தா அவனோட நம்பிக்கையும் சேந்துதான் நம்ம பணத்துக்கு விலை, அது போனா எவ்வளவு சீக்கிரம் போகும்ங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

தங்கத்த பத்தி நடுவுல ஒரு வார்த்தை. அதே கதை இன்னும் முடியல. 2022 ஜூலைல ரூபா 80 பக்கம் போனப்போ தங்க இறக்குமதி வரிய 15 பர்சன்ட் ஆக்குனாங்க, டாலர் வெளிய போறதக் குறைக்க. மண்டபம், வேதாளை பக்கம் கடல் வழியா வந்து தங்கம் பிடிபட்டதுன்னு சேதி அடிக்கடி பாத்தோம்ல, அந்த வரிக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, வரி எவ்வளவோ அவ்வளவு கடத்துறவனுக்கு மார்ஜின். 2024 ஜூலைல 6 பர்சன்ட்டா குறைச்சாங்க, அது சரியான முடிவுன்னு நான் நினைக்கிறேன்.

சரி, இன்னிக்கு திர்ஹம் 1997லேர்ந்து ஒரு டாலருக்கு 3.6725லயே நிக்குது. சவுதி ரியால் 1986லேர்ந்து 3.75. எப்படி முடியுது? அவங்க விக்கிற எண்ணெய் டாலர்ல விக்குது, அரசாங்க வருமானமே டாலர்ல வருது, கையிருப்பும் மலை மாதிரி இருக்கு, யாரு வந்து திர்ஹமக் குடுத்து டாலர் கேட்டாலும் அந்த ரேட்டுக்கு எடுத்துக் குடுக்க முடியும்னு எல்லாருக்கும் தெரியும். குடுக்க முடியும்னு தெரிஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க, ஃபிக்ஸட் ரேட்டோட ரகசியமே இதான். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. பெரிய லாஞ்சு பின்னாடி கயிறு கட்டி இழுத்துட்டுப் போற வல்லம் மாதிரி, சுக்கான் உங்க கைல இல்ல. அமெரிக்காவோட சென்ட்ரல் பேங்க்கான ஃபெட் வட்டிய ஏத்துனா அன்னிக்கே அபுதாபியும் ரியாதும் ஏத்தணும், அவங்க ஊர்ல யாவாரம் படுத்துக் கிடந்தாலும் சரி. இறக்குனா இறக்கணும், ஊர்ல விலை கொதிச்சுக்கிட்டு இருந்தாலும் சரி. 2007, 2008ல அதான் நடந்துச்சு. அமெரிக்கால வீட்டுக்கடன் நெருக்கடி, ஃபெட் வட்டிய மளமளன்னு இறக்குச்சு, அந்த நேரம் வளைகுடால எண்ணெய் விலை உச்சம், கட்டடம் கட்டடமா எழும்பிக்கிட்டு இருந்துச்சு. எமிரேட்ஸ்ல விலைவாசி ஏத்தம் பத்து பர்சன்ட்ட தாண்டுச்சு, வாடகை தாங்க முடியல, அதே சமயம் டாலர் உலகம் முழுக்க பலவீனமா இருந்ததால திர்ஹமுக்கு 10 ரூபா 70 காசுதான். அங்க செலவு ஜாஸ்தி, இங்க வர்றது கம்மி, ரெண்டு பக்கமும் அடி வாங்குனது நம்ம ஆளுங்கதான். குவைத் மட்டும் 2007 மே மாசத்துல டாலர் கயிற அவுத்துட்டு பல நாட்டுப் பணம் சேந்த ஒரு கூடைல கட்டிக்கிச்சு.

பொருளாதாரத்துல இதுக்கு ஒரு விதி சொல்லுவாங்க, முண்டெல், ஃப்ளெமிங்னு ரெண்டு பேரு 1960கள்ல போட்ட கணக்குலேர்ந்து வந்தது. ரேட்ட கட்டி வெக்கிறது, வட்டிய சொந்தமா முடிவு பண்றது, வெளிநாட்டுப் பணம் தாராளமா வரப் போக விடுறது, இந்த மூணுல எதாவது ரெண்டுதான் ஒரு நாட்டுக்கு கிடைக்கும், மூணும் கிடைக்காது. வளைகுடா வட்டிய விட்டுக் குடுத்துச்சு. சீனா ரொம்ப காலம் பணம் வரப் போறத பூட்டி வெச்சுச்சு. சிங்கப்பூர் வேற மாதிரி, சாப்பாடுலேர்ந்து எரிபொருள் வரைக்கும் இறக்குமதி பண்ற குட்டி நாடு, அதனால அங்க 1981லேர்ந்து வட்டிய வெச்சு விலைவாசியக் கட்டுப்படுத்துறதில்ல, சிங்கப்பூர் டாலரோட மதிப்ப மெதுமெதுவா ஏத்தி இறக்கித்தான் பண்றாங்க. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துலேர்ந்து சிங்கப்பூர் போனவங்க அங்க வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஏன் வருஷா வருஷம் ரூபாக் கணக்குல இவ்வளவு ஏறுதுன்னு கேப்பாங்க, அந்த அரசாங்கம் வேணும்னே அத வலுவா வெச்சிருக்குங்கறது பதில்ல பாதி. இந்தியா ரேட்ட விட்டுக் குடுத்துச்சு. 140 கோடி பேரு இருக்குற நாடு, மழை தவறுனா வெங்காயம் ஏறும், அதுக்கு ஏத்த மாதிரி வட்டிய நாமதான் முடிவு பண்ணணும், அமெரிக்காக்காரன் இல்ல. 2016லேர்ந்து சட்டப்படியே ரிசர்வ் பேங்க்கோட முதல் வேலை விலைவாசி ஏத்தத்த 4 பர்சன்ட் பக்கத்துல வெக்கிறது, கூடக் குறைய 2 பர்சன்ட், ஆறு பேர் கமிட்டி உக்காந்து ரெப்போ வட்டிய, அதாவது பேங்க்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்கற வட்டிய, முடிவு பண்ணும். டாலர் இத்தன ரூபால நிக்கணும்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல. 2022 மே மாசம் 4 பர்சன்ட்லேர்ந்து ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில 6.5க்கு கொண்டு போனாங்க. 2025ல படிப்படியா இறக்கி டிசம்பர்ல 5.25, அதே மாசம்தான் டாலர் 90 தாண்டுச்சு. ரூபாய மட்டும் காப்பாத்தணும்னா அந்த மாசம் வட்டிய ஏத்தியிருக்கணும். ஏத்தல, ஏன்னா விலைவாசி அப்ப அடங்கிக் கிடந்துச்சு. நான் அந்த முடிவ ஆதரிக்கிறேன்.

அதுக்காக ரிசர்வ் பேங்க் கைய கட்டிக்கிட்டு பாக்கறதும் இல்ல. 2021 செப்டம்பர்ல கையிருப்பு 64,000 கோடி டாலருக்கு மேல இருந்துச்சு, ஒரு வருஷத்துல ஏறக்குறைய 52,500 கோடிக்கு வந்துச்சு, அதுல ஒரு பெரிய பங்கு ரூபா தலைகுப்புற விழாம இருக்க டாலர வித்தது. படிப்படியா எறங்கட்டும், பொத்துனு விழ வேணாம், அவ்வளவுதான் நோக்கம்.

இப்ப இலங்கை. இதப் பத்தி எழுதும்போது எனக்கு மனசு கனக்கும், ஏன்னா அது நமக்கு கூப்பிடு தூரத்துல நடந்த விஷயம். 1966 ஜூன் வரைக்கும் நம்ம ரூபாயும் சிலோன் ரூபாயும் ஒரே மதிப்பு தம்பி, ரெண்டுமே டாலருக்கு 4 ரூபா 76 காசு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடுன காலத்துல அங்க ஒரு ரூபா இங்க ஒரு ரூபா. அந்த ஜூன்ல நாம மதிப்பக் குறைச்சப்போ சிலோன் ரூபா ஒண்ணுக்கு நம்ம ரூபா ஒண்ணரைக்கு மேல குடுக்கணும்னு ஆச்சு. இன்னிக்கு தலைகீழ், நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபாய்க்கு மேல. போரு, இறக்குமதிய நம்புன பொருளாதாரம், வரவுக்கு மீறுன அரசாங்கச் செலவு, அத சமாளிக்க சென்ட்ரல் பேங்க்கிட்ட கை நீட்டுறது, எல்லாம் சேந்து வருஷா வருஷம் நம்மள விட கொஞ்சம் ஜாஸ்தி விலைவாசி ஏத்தம், அம்பது அறுபது வருஷம் அது சேந்தா இவ்வளவு வித்தியாசம் வந்துடும்.

2022 நெருக்கடிக்கு விதை 2019 கடைசில போட்டது. புது அரசாங்கம் வந்ததும் வாட் வரிய 15லேர்ந்து 8 பர்சன்ட்டுக்கு இறக்குச்சு, இன்னும் பல வரியவும் குறைச்சுச்சு. வருமானம் படுத்துச்சு. அடுத்து கொரோனா, டூரிஸ்ட் வரவு நின்னுச்சு. வெளிநாட்டுச் சந்தைல கடன் குடுக்க ஆள் இல்ல. 2021ல ரசாயன உரத்த ஒரே ராத்திரில தடை பண்ணி விவசாயத்தையும் கெடுத்தாங்க. பட்ஜெட் ஓட்டைய அடைக்க சென்ட்ரல் பேங்க் அரசாங்கப் பத்திரத்த தானே வாங்கி ரூபாய அடிச்சு விட்டுச்சு. ரூபா கூடுனா ரேட் விழுந்தாகணும். விழ விடல, 200, 203ல பிடிச்சு வெச்சாங்க. வளைகுடா மாதிரி டாலர் குவியல் இருந்தா பிடிக்கலாம், 2019 கடைசில 760 கோடி டாலரா இருந்த கையிருப்பு கரைஞ்சுக்கிட்டே வந்தப்போ பிடிச்சாங்க. அதுலயும் 2022 ஜனவரில 50 கோடி டாலர் பழைய கடன்பத்திரத்துக்கு கட்டுனாங்க, மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் இல்லாத நேரத்துல.

பேங்க்ல 203, வெளிய 240க்கு மேலன்னு ஆனப்போ வெளிநாட்ல வேலை செய்யிற இலங்கைக்காரங்க பேங்க்குல அனுப்புவாங்களா? உண்டியல்லதான், அதாவது பேங்க்குக்கு வெளிய ஆளுங்க மூலமா கைமாத்துற வழிலதான், அனுப்புனாங்க. பேங்க் வழியா வந்த பணம் 2020ல 710 கோடி டாலர், 2021ல 550 கோடி ஆச்சு, 2022ல 380 கோடிக்கு போச்சு. குடும்பத்துக்கு ரூபா போய்ச் சேந்துச்சு, டாலர் மட்டும் நாட்டுக்குள்ளயே வரல. ஏத்துமதி பண்றவங்களும் டாலர வெளியவே வெச்சிருந்தாங்க, நாளைக்கு ரேட் உடையும்னு தெரிஞ்சா இன்னிக்கு எவன் மாத்துவான். பொய்யான ரேட்ட பிடிச்சு வெக்கிறதுல இருக்குற பெரிய கெடுதலே இதான், டாலரக் காப்பாத்தப் போட்ட வேலியே டாலர விரட்டிடும்.

2022 மார்ச் 7ஆம் தேதி பிடிய விட்டாங்க. அந்த மாசக் கடைசிக்குள்ள 300 பக்கம், மே மாசம் 360. மார்ச் 22 அன்னிக்கு தனுஷ்கோடி பக்கம் முதல் 16 பேரு வந்து எறங்குனாங்க, குழந்தை குட்டியோட, அரிசி, பால்மாவு விலை தாங்கலன்னு சொல்லிக்கிட்டு. போர் காலத்துல குண்டுக்கு பயந்து வந்த அதே மண்டபம் முகாமுக்கு, இந்தத் தடவை விலைவாசிக்கு பயந்து வந்தாங்க. பணக் கொள்கைன்னா டெல்லி, மும்பைல கோட்டு போட்டவங்க பேசுற விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு நான் எப்பவும் இத சொல்லுவேன்.

அதுக்கப்புறம் நடந்ததும் முக்கியம். ஏப்ரல்ல புதுசா வந்த கவர்னர் நந்தலால் வீரசிங்க, பொறுப்பேத்த மறுநாளே வட்டிய ஒரே அடியா 7 பர்சன்ட் ஏத்துனாரு, கடன் குடுக்கற வட்டி 7.5லேர்ந்து 14.5. ஏப்ரல் 12 அன்னிக்கு வெளிநாட்டுக் கடன இப்ப கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. விலைவாசி ஏத்தம் செப்டம்பர்ல 70 பர்சன்ட்ட தொட்டுச்சு. இவ்வளவு வட்டி ஏத்துனா தொழில் சாகுமேன்னு கேப்பீங்க, செத்துச்சுதான், நிறைய பேரு வேலை போச்சு. ஆனா மேல சொன்னேனே, பணத்த கைல வெச்சுக்க ஆசை செத்துப்போச்சுன்னா எதாலயும் விலைய நிறுத்த முடியாதுன்னு, அந்த ஆசைய திரும்ப உண்டாக்குறதுக்கு வேற வழி கிடையாது. ரூபாயா வெச்சிருந்தா நல்ல வட்டி உண்டு, இனிமே கண்ணை மூடிக்கிட்டு அடிக்க மாட்டாங்கன்னு நம்பிக்கை வரணும். 2023 மார்ச்ல சர்வதேச நிதியமான ஐஎம்எஃப் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒத்துக்கிச்சு, அதே வருஷம் புதுச் சட்டம் வந்து சென்ட்ரல் பேங்க் அரசாங்கத்துக்காக நோட்டு அடிக்கிறத தடுத்தாங்க. 2023 ஜூலைலயே விலைவாசி ஏத்தம் ஒத்தை இலக்கத்துக்கு வந்துடுச்சு. ரேட்டும் 300 பக்கம் திரும்புச்சு, பேங்க் வழியா வர்ற பணம் 2023ல 600 கோடி கிட்ட வந்துச்சு. ஏத்தம் நின்னதே தவிர ஏறுன விலை இறங்கல, சம்பளம் அந்த அளவுக்கு ஏறல, அந்த நட்டத்த ஏழைங்க இன்னும் சுமக்குறாங்க.

நமக்கும் நடக்குமான்னா, கிட்டத்தட்ட நடந்துச்சு. 1991ல நம்ம கையிருப்பு ரெண்டு மூணு வார இறக்குமதிக்குத்தான் இருந்துச்சு, 47 டன் தங்கத்த வெளிநாட்டுல அடமானம் வெச்சோம், ஜூலை 1, 3னு ரெண்டு தவணைல ரூபா மதிப்பக் குறைச்சோம். அதுலேர்ந்து கத்துக்கிட்டதுதான் இப்ப இருக்குற பெரிய கையிருப்பும், பிடிக்காம விடுற ரேட்டும். 2025 கடைசில கையிருப்பு 65,000 கோடி டாலருக்கு மேல. அதனால இலங்கை மாதிரி ரெண்டு மாசத்துல பாதிக்குப் பாதி விழுற நிலைமை இன்னிக்கு இல்ல. டெய்லி கொஞ்சம் கொஞ்சமா விழுற பணத்துல ஒரு நல்லது இருக்கு, நாளைக்கு உடையப் போகுதுன்னு யாரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க, பேங்க் ரேட்டும் வெளி ரேட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

மத்த நாடுங்கள வேகமா சொல்லிடுறேன். துருக்கில வட்டிதான் விலைவாசிய ஏத்துதுன்னு அதிபரே சொல்லி 2021ல 19 பர்சன்ட்லேர்ந்து இறக்குனாங்க, லிரா நொறுங்கி 2022 அக்டோபர்ல விலைவாசி ஏத்தம் 85 பர்சன்ட், கடைசில 2024 மார்ச்ல வட்டிய 50 பர்சன்ட்டுக்கு கொண்டு போக வேண்டியதாச்சு. ஜப்பான் நேர் எதிர், 2016லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் வட்டி பூஜ்யத்துக்கும் கீழ, எவ்வளவு பணம் விட்டாலும் ஜனங்க வாங்கி வெச்சுக்கிட்டே இருந்தாங்க, 2022 வரைக்கும் விலை பெருசா ஏறல, விலை என்னிக்கும் ஏறாதுன்னு அவங்க நம்புனதுதான் காரணம். ஈக்வடார் 2000ல தன் பணத்தையே தூக்கிப் போட்டுட்டு அமெரிக்க டாலர எடுத்துக்கிச்சு, ஜிம்பாப்வே நூறு லட்சம் கோடி டாலர்னு நோட்டு அடிச்சுப் பாத்துட்டு 2009ல அதையே பண்ணுச்சு. ஒரே மருந்து எல்லா ஊருக்கும் செல்லாது, பணத்துக்கு அந்த ஊர் ஜனங்க கிட்ட என்ன மரியாதை இருக்குங்கறதப் பொறுத்து வட்டியோட வேலை மாறும்.

கடைசியா காக்காவுக்கு என்ன சொல்றது. ரேட் உச்சத்துக்கு வரட்டும்னு மாசக்கணக்குல பணத்த அங்கயே வெக்க வேணாம், உச்சம் எதுன்னு ரிசர்வ் பேங்க் கவர்னருக்கே தெரியாது. வீட்டுச் செலவுக்கு வேண்டியத மாசாமாசம் அனுப்பட்டும். உண்டியல் வேணாம். சட்டப்படி குத்தம், நாளைக்கு வீட்டு லோனுக்கோ இடம் வாங்கவோ பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்ட ஒரு காகிதம் இருக்காது, இந்தியாவுல ரேட் வித்தியாசமும் சொற்பம்.

மிச்சம் பிடிக்கிற காசுக்கு, வெளிநாட்டு இந்தியர்களுக்குன்னே நம்ம பேங்க்ல ரெண்டு வகை டெபாசிட் கணக்கு இருக்கு. என்ஆர்இ டெபாசிட் ரூபால இருக்கும், வட்டி ஜாஸ்தி, ரூபா விழுந்தா அந்த நட்டம் அவருது. எஃப்சிஎன்ஆர் டெபாசிட் டாலர் மாதிரி வெளிநாட்டுப் பணத்துலயே ஒண்ணுலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம், வட்டி அனேகமா கம்மியா இருக்கும், ரூபா விழுந்தா அவருக்கு கவலை இல்ல. 2013ல ரூபா 68 தாண்டி விழுந்தப்போ ரிசர்வ் பேங்க் கவர்னரா வந்த ரகுராம் ராஜன் இந்த டெபாசிட்டுக்கு ஒரு சலுகைத் திட்டம் போட்டுத்தான் வெளிநாட்டு இந்தியர்கள்கிட்டேர்ந்து சுமார் 2,600 கோடி டாலர் கொண்டு வந்தாரு, ரூபா நின்னுச்சு. ரெண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்த எடுத்து, ரூபா வருஷத்துக்கு எவ்வளவு விழும்னு நினைக்கிறீங்களோ அதோட வெச்சுப் பாருங்க. 2008லேர்ந்து எண்ணுனா வருஷத்துக்கு நாலரை பர்சன்ட்டுக்கு கொஞ்சம் மேல விழுந்திருக்கு, 2013லேர்ந்து எண்ணுனா ரெண்டு பர்சன்ட்டுக்கு சொச்சம். வட்டி வித்தியாசம் அதவிட ஜாஸ்தின்னா என்ஆர்இ, கம்மின்னா எஃப்சிஎன்ஆர். இங்கயே வீடு கட்டணும், தங்கச்சி கல்யாணம் வெக்கணும்னு ரெண்டு மூணு வருஷத்துல ரூபால செலவு இருந்தா பெரும்பகுதி என்ஆர்இலயே இருக்கட்டும். புள்ளைங்கள வெளிநாட்டுக்கு படிக்க அனுப்புற எண்ணம் இருந்தா அந்தப் பங்க மட்டும் எஃப்சிஎன்ஆர்ல டாலராவே போட்டு வெக்கச் சொல்லுங்க.